வஜிராவின் மண்டி

பிலிமத்தலாவையில் இருந்து தவுலகல வீதியால் போனால் எம்பக்கே தேவாலயம் வரும். கதிர்காமக் கடவுளுக்கு 14ஆம் நூற்றாண்டில், கம்பளை அரசர் காலத்தில் எழுந்த கோயில். மரத்தூண்களைப் பார்க்க வருகிறவர்கள் இரட்டைத்தலைப் பறவையையும் மல்லர்களையும் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அதே தூண்களில் பெண்களும் ஆடுகிறார்கள். ஆனால் இந்த மலைக்கிராமங்களில் கண்டிய நடனத்தின் வேரான கொஹொம்பா கங்காரிய சடங்கு விடிய விடிய நடந்தபோது களத்தில் ஆடியவர்கள் ஆண்களே. வெஸ் என்னும் தலையணி புனிதமானது, அதைப் பெண் அணியக்கூடாது என்பது நம்பிக்கை.

இலங்கையின் நவீன நடனம் என்றால் சித்ரசேனாவின் பெயரைத்தான் முதலில் சொல்வார்கள். சொல்லவும் வேண்டும். 1921இல் பிறந்த அவர் கண்டிய மரபின் கிராமத்துக் குருமாரிடம் பயின்றவர், குரு கோபிநாத்திடம் கதகளி கற்றவர், சாந்திநிகேதனிலும் இருந்தவர். 1944இல் கொள்ளுப்பிட்டியில் நடனப் பள்ளி தொடங்கினார். சடங்கில் இருந்த ஆட்டத்தை மேடைக்குக் கொண்டுவந்து அதனால் ஒரு முழுக்கதையைச் சொல்ல முடியும் என்று காட்டினார். மீனவக் கிராமத்தைப் பற்றிய ‘கரதிய’ என்ற நாட்டிய நாடகம் 1961இல் அமரதேவவின் இசையோடு மேடையேறியது.

ஆனாலும் இருவரில் பெரிய பரிசோதனையைச் செய்தவர் அவருடைய மனைவி வஜிராதான் என்பேன். 1932இல் பிறந்தவர், சித்ரசேனாவிடமே மாணவியாக வந்தவர். அவர் முன்னால் இருந்த சிக்கலை எண்ணிப் பாருங்கள். கண்டிய நடனம் ஆணின் உடலுக்கென்றே வளர்ந்தது. முழங்கால்களை அகல விரித்து மண்டியில் அமர வேண்டும். அங்கிருந்து எழும்பிப் பாய வேண்டும், சுழல வேண்டும். கெட்ட பெர என்னும் மேளத்தின் ஒவ்வொரு அடிக்கும் பாதம் பதில் சொல்ல வேண்டும். இதற்குள் வருகிற பெண் ஆணைப்போலவே ஆடலாம், இல்லாவிட்டால் வேகத்தைக் குறைத்து அழகுக்கு நிற்கலாம். வஜிரா இரண்டையும் ஏற்கவில்லை. மண்டியையும் தாளக்கட்டையும் அப்படியே வைத்துக்கொண்டு, அவற்றின் மேல் பெண்மையின் நளினமான ஒரு லாஸ்யத்தை உருவாக்கினார். பிறகு அதைப் பயிற்சிகளாக ஒழுங்குபடுத்தித் தலைமுறை தலைமுறையாகக் கற்பித்தார். சிறுவர்களுக்கென்று தனியாக நாட்டிய நாடகங்களும் அமைத்தார். ஒரு படைப்பில் புதுமை செய்துவிட்டுப் போவது வேறு. நாளைக்கு இன்னொருத்தி ஆடும்படி உடலுக்கு ஒரு வழியை வகுத்துக் கொடுப்பது வேறு. எனக்குப் பின்னதில்தான் மதிப்பு அதிகம்.

கண்டியில் மாலை வேளைகளில் சுற்றுலாப் பயணிகளுக்கு நடக்கும் காட்சிகளில் இன்று பெண்கள் ஆடுகிறார்கள். பாடசாலை விழாக்களிலும் ஆடுகிறார்கள். என்றைக்கும் இப்படித்தான் இருந்தது என்று பார்ப்பவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள், வஜிராவின் பெயரை அங்கே யாரும் எடுப்பதில்லை. இது எனக்கு வருத்தம். இந்திய அரசோ 2020இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவித்தது.

நம் பிள்ளைகள் பரதம் படிக்கிறார்கள், சிங்களப் பிள்ளைகள் கண்டிய நடனம் படிக்கிறார்கள். ஒரே ஊரில் இருந்தும் ஒருவர் மேடையை மற்றவர் பார்ப்பது அரிது. பரதத்தின் அரைமண்டியில் நிற்கத் தெரிந்த பிள்ளைக்கு வஜிராவின் மாணவிகள் செய்வது முதல் பார்வையிலேயே விளங்கும். 2012இல் அவருடைய பள்ளி பெங்களூருக்கு அருகிலுள்ள நிருத்யகிராமத்து ஒடிசிக் கலைஞர்களோடு சேர்ந்து ‘சம்ஹார’ என்ற படைப்பை ஆடியது. கடல் கடந்து அப்படி ஒரு சந்திப்பு நடந்திருக்கிறது, இங்கேயும் நடக்கலாம். கண்டி மாவட்டத் தமிழ்ப் பாடசாலைகளின் நடன ஆசிரியர்கள் அந்தப் பள்ளியின் நிகழ்ச்சி ஒன்றுக்கு மாணவிகளை ஒரு தடவையாவது அழைத்துப் போக வேண்டும். பஸ் ஒழுங்கு செய்யப் பெற்றோர் முன்வருவார்கள், நானும் வருகிறேன்.