கண்ணைப் பறிக்கிற கட்டம்: ஜியோமெட்ரி வார்ஸும் நானும்

பதிவு எழுதி மாமாங்கம் ஆச்சு மக்களே. ஆணி அதிகம். ஆனா போன ஞாயித்துக்கிழமை நடந்த கூத்தை எங்கயாவது கொட்டலைன்னா தூக்கம் வராது.

அக்கா பையன் லீவுக்கு வந்திருந்தான். தாம்பரத்துல இருந்து வண்டலூர், கேளம்பாக்கம் வழியா கோவளம். பதிமூணு வயசு. கடல்ல ஆடியாச்சு, வஞ்சிரம் வறுவல் தின்னாச்சு, மத்தியானம் மூணு மணிக்கு "மாமா, போரடிக்குது"ன்னான். பரண்ல கிடந்த எக்ஸ்பாக்ஸ் 360 கன்ட்ரோலரைத் துடைச்சு லேப்டாப்ல சொருகி, ஜியோமெட்ரி வார்ஸ் போட்டுக் கொடுத்தேன். நாப்பது செகண்டு. மூணு உயிரும் காலி.

"மாமா, இதுல எப்ப ஜெயிக்கலாம்?"

"ஜெயிக்கவே முடியாதுடா."

"அப்புறம் எதுக்கு விளையாடணும்?"

நியாயமான கேள்விதான். அவனுக்குப் பதில் சொல்ல முடியாம முழிச்சேன். அதுக்குத்தான் இந்தப் பதிவு.

தெரியாதவங்களுக்குக் கொஞ்சம் கொசுவத்தி. இடது குச்சி கப்பலை நகர்த்தும், வலது குச்சி எந்தப் பக்கம் சாயுதோ அந்தப் பக்கம் குண்டு பாயும். விளையாட்டு மொத்தமும் இவ்வளவுதான். இந்த ரெட்டைக் குச்சி ஏற்பாட்டைப் பிரபலமாக்கினது 1982-ல் வந்த ரோபோட்ரான் 2084. அதை உருவாக்கின யூஜின் ஜார்விஸுக்குக் கார் விபத்துல வலது கை அடிபட்டு, பட்டன் அழுத்த முடியாம இருந்தப்ப உதிச்ச யோசனையாம் இது. கட்டுப் போட்ட கையில இருந்து ஒரு விளையாட்டு வகையே பொறந்திருக்கு, பாருங்க.

ஜியோமெட்ரி வார்ஸ் பொறந்த கதையும் அப்படித்தான், ஓரமா. லிவர்பூல்ல பிசார் கிரியேஷன்ஸ்னு ஒரு கம்பெனி. கார் ரேஸ் பண்றவங்க. அங்க ஸ்டீபன் கேக்பிரெட்ங்கிறவர் சும்மா செஞ்சு வெச்சதை, 2003-ல் பிராஜெக்ட் காத்தம் ரேசிங் 2-ல உள்ளே ஒளிச்சு வெச்சாங்க. கார் நிக்கிற கராஜ்ல ஒரு ஆர்கேட் பெட்டி இருக்கும், அதுக்குள்ள. 2005-ல் எக்ஸ்பாக்ஸ் 360 கூடவே 'ரெட்ரோ இவால்வ்டு'ன்னு தனியா வந்து, பெரிய பெரிய விளையாட்டையெல்லாம் ஓரங்கட்டிடுச்சு. 2007-ல் கம்ப்யூட்டருக்கும் வந்தது. நான் மாட்டினது அப்பத்தான்.

முதல் தடவை பார்த்தப்ப வாயைப் பொளந்துட்டேன். கறுப்புத் திரை, அதுல நீலக் கோட்டுல ஒரு கட்டம், கணக்கு நோட்டு மாதிரி. அவ்வளவுதான் பின்னணி. ஆனா குண்டு போனா அந்தக் கட்டம் நெளியும். ஏதாவது வெடிச்சா தண்ணியில கல்லு போட்ட மாதிரி அலை ஓடும். இதுல உச்சம், சிவப்பு வட்டம். சும்மா விட்டா அமைதியா நிக்கும். ஒரு குண்டு பட்டுச்சோ, முழிச்சுக்கிட்டு கட்டத்தையே உள்ள இழுக்கும். எதிரி, குண்டு, நம்ம கப்பல், எல்லாமே அதை நோக்கி வளையும். நேரா சுட்டா குண்டு வளைஞ்சு வேற எங்கயோ போகும். அதை உடனே அழிக்கலாம், இல்ல கொஞ்சம் தின்ன விட்டு அழிச்சு மார்க் அள்ளலாம். அளவுக்கு மீறித் தின்னுட்டா வெடிச்சு, குட்டிக் குட்டி வட்டமா கிளம்பி நம்மளைத் துரத்தும். பேராசைக்கு ஒரு பொறி. நான் தொண்ணூறு சதவீதம் செத்தது அதுலதான், ஹி ஹி.

இனி பொலம்பல். அழகா இருக்கிறதுதான் இந்த விளையாட்டோட பெரிய குறை. பத்து மடங்கு மார்க் ஓடிக்கிட்டு இருக்கும்போது திரை பூரா தீபாவளி. அந்த வாணவேடிக்கைக்குள்ள என் கப்பல் எங்கன்னே தெரியாது. களம் திரையை விடக் கொஞ்சம் பெரிசு வேற, அதனால நாம ஒரு மூலையில இருந்தா எதிர்மூலையில என்ன கிளம்புதுன்னு கண்ணுல படாது. ஒவ்வொரு எதிரிக்கும் தனிச் சத்தம் உண்டு, காதை வெச்சு சமாளிக்கலாம்னு கில்லாடிங்க சொல்வாங்க. சரி, ஆனா எதை நம்பி நான் உயிர் பிழைக்கணுமோ அதையே மறைக்கிற அலங்காரம் எனக்குக் கள்ளாட்டம்தான். செத்தா பத்து மடங்கு திரும்ப ஒண்ணாயிடும். அந்த எரிச்சல் இருக்கே, அவ்வ்வ்.

இதைச் செஞ்சவங்களுக்கே இது தெரிஞ்சிருக்கணும். 2008-ல் வந்த ரெண்டாம் பாகத்துல 'பேசிஃபிசம்'னு ஒரு ஆட்டம், சுடவே முடியாது. துரத்துற கூட்டத்தை இழுத்துக்கிட்டு ஓடி, வாசல் மாதிரி ஒரு கோட்டைக் கடந்தா அது வெடிக்கும். குரோம்பேட்டையில ஒரு நண்பன் வீட்டுல விடிய விடிய ஆடியிருக்கோம். என்னைக் கேட்டா மொத்த ஜியோமெட்ரி வார்ஸ்லயும் அதுதான் உருப்படியானது. துப்பாக்கியைப் பிடுங்கினதும் திரை தெளிவாயிடுச்சு! அந்தக் கம்பெனியை 2011-ல் மூடிட்டாங்க.

2012 மின்வெட்டுல எட்டு லட்சத்து சொச்சத்துல இருந்தப்ப கரண்ட் போச்சு, அதைச் சொன்னா இன்னும் நாலு பதிவு ஆகும். யூபிஎஸ் இல்லாதது என் தப்பு.

சரி, பையன் கேள்விக்கு வர்றேன். அவன் போன்ல ஆடுற பிரால் ஸ்டார்ஸும் இதே ரெட்டைக் குச்சிதான், கண்ணாடி மேல ரெண்டு கட்டை விரல். ஆனா அங்க ஆட ஆட ஏதாவது ஒண்ணு கையில சேரும், திறக்கும். இங்க ஒண்ணும் கிடைக்காது, ஒரு நம்பர் மட்டும். அடுத்த ஆட்டத்துல கப்பல் இன்னிக்கு இருக்கிற அதே கப்பல்தான். மாறினா நான்தான் மாறியிருக்கணும். எனக்கு அது பிடிச்சிருந்தது, ஏன்னா அப்ப நான் நல்ல பக்கமா மாறிக்கிட்டு இருந்தேன். இப்ப வெள்ளெழுத்து வந்தாச்சு. கண்ணாடி போட்டாலும் ரெண்டு லட்சம் தாண்ட மாட்டேங்குது. அதே கப்பல், அதே கட்டம். இந்த நம்பர் என்கிட்ட பொய் சொல்லாதுங்கிறதுதான் இப்ப கஷ்டமா இருக்கு. காசு கொடுத்து பெரிசாக்கிக்கிற துப்பாக்கி ஒண்ணு இருந்தா வாங்கியிருப்பேனோ என்னவோ.

இதையெல்லாம் அவன்கிட்ட சொல்லலை. "சுடாம எவ்வளவு நேரம் தாக்குப் பிடிக்கிற பார்ப்போம்"னேன். ரெட்ரோ இவால்வ்டுலயே எக்ஸ்பாக்ஸ்ல அதுக்கு ஒரு விருது உண்டு, ஆரம்பத்துல சுடாம அறுபது செகண்டு. முதல் தடவை இருபது. அப்புறம் முப்பத்தஞ்சு. டீ போட்டு எடுத்துட்டு வர்றேன், "மாமா மாமா மாமா"ன்னு கத்துறான். எழுபத்தி ஒண்ணு. ஓரத்தைப் பிடிச்சு வட்டம் போட்டு மொத்தக் கூட்டத்தையும் பின்னாடி வால் மாதிரி இழுத்துக்கிட்டு ஓடுறான்.

நான் முயற்சி பண்ணேன். நாப்பத்தெட்டு.

"மாமா, உன் இடது குச்சி தானா இடப்பக்கம் போகுது, அதான்"னு பெரிய மனசு பண்ணான். உண்மைதான், கடலோரத்து உப்புக் காத்துல இங்க எந்தச் சாமானும் ரெண்டு வருஷம் ஒழுங்கா இருக்காது. ஆனா அவனும் அதே குச்சியிலதானே ஆடினான்?

டிஸ்கி: அடுத்த ஞாயித்துக்கிழமை திரும்ப வர்றானாம். அதுக்குள்ள குச்சியைக் கழட்டிச் சுத்தம் பண்ணணும். முறை தெரிஞ்சவங்க சொல்லுங்கப்பா.