போருக்குப் போய்த் திரும்பாத நம் பாட்டன்மார்: பெயரைத் தேடுவது நம் உரிமை



ஆடி அமாவாசைக்கு உங்கள் வீட்டில் படையல் போடும்போது, இறந்த நாள் தெரியாத ஒருவருக்கும் சேர்த்து இலை போடுகிறீர்களா? "ஜப்பான்காரன் காலத்துல போனாரு, திரும்பி வரல" என்பதோடு அவர் கதை முடிந்துவிடுகிறதா? அப்படியானால் இந்தத் தலையங்கம் உங்களுக்காகவே எழுதப்படுகிறது.

எங்கள் வீட்டிலும் அப்படி ஓர் இலை உண்டு. அது என் பாட்டியின் தம்பிக்கு. சிரம்பான் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பால் வெட்டியவர். 1943 கடைசியில் வீட்டைவிட்டுப் போனபோது அவருக்கு வயது 19. "அவன் சயாமுக்குப் போனான்" என்று மட்டும்தான் பாட்டி சொல்வார். அந்த ஒரு சொல்லை நம்பி நான் பல ஆண்டுகள் தவறான இடத்தில் தேடினேன். சயாம் மரண ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போன ஆட்களில் அவரும் ஒருவர் என்றே நினைத்தேன். வழக்கறிஞன் நான், சாட்சியை முழுமையாக விசாரிக்காமல் முடிவுக்கு வந்தது என் தவறு.

பாட்டி காலமான பிறகு அவருடைய தகரப் பெட்டியில் ஒரு படம் கிடைத்தது. காக்கி உடுப்பு, ஒரு பக்கம் சாய்த்துப் போட்ட பட்டாளத் தொப்பி. அத்தையிடம் காட்டினேன். "கோயில் திடல்ல மாலை போட்டுத்தான்பா அனுப்புனாங்களாம். எங்கம்மா காதுத் தோட்டைக் கழற்றி நேதாஜி நிதிக்குக் கொடுத்துச்சாம்" என்றார். மரண ரயிலுக்குப் பிடித்துக்கொண்டு போனவருக்கு யாரும் மாலை போட்டிருக்க மாட்டார்கள். அவர் ஐ.என்.ஏ. என்ற இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர். ஐ.என்.ஏ. வீரர்கள் பலரும் அதே சயாம் ரயில் பாதை வழியாகத்தான் பர்மாவுக்குப் போனார்கள். பாட்டி சொன்னது சரிதான். நான்தான் தவறாகப் புரிந்துகொண்டேன்.

ஆகவே தேடத் தொடங்கும் எவரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: உங்கள் பாட்டனார் யாருடைய ஆளாகப் போனார்? மூன்று வழிகள் இருந்தன. மூன்றுக்கும் ஆவணங்கள் வேறு வேறு இடத்தில் இருக்கின்றன.

முதலாவது, பிரிட்டிஷ் இந்திய ராணுவம். 1941 டிசம்பர் 8-ல் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினர். 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் வீழ்ந்தது. இடைப்பட்ட எழுபது நாள் சண்டையில் இறந்தவர்களிலும், பின்னர் போர்க்கைதிகளாக இறந்தவர்களிலும் தமிழர் உண்டு. ஊரிலிருந்து பட்டாளத்தில் வந்த பெரியப்பா, சித்தப்பா உங்கள் குடும்பத்தில் இருந்திருக்கலாம். இவர்களைத் தேடுவது மற்ற இரண்டு வழியாரைத் தேடுவதைவிட எளிது. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் இறந்தவர்களின் பெயர்களை இணையத்தில் வைத்திருக்கிறது. தேடுவதற்குக் கட்டணம் இல்லை. கல்லறை இல்லாத 24,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் சிங்கப்பூர் கிராஞ்சி நினைவுச் சின்னத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. தகனம் செய்யப்பட்ட இந்தியப் படையினருக்கு அங்கேயே தனி நினைவிடம் உண்டு. தைப்பிங்கிலும் போர்க் கல்லறை இருக்கிறது.

அந்தப் பட்டியலில் தேடும்போது ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். நம்மவர் பெயரை எழுதியவர்கள் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதினார்கள். ராமசாமி என்ற ஒரே பெயரை நான்கு விதமாக எழுதியிருப்பார்கள். பலருக்குத் தகப்பன் பெயரோடு சேர்க்காத ஒற்றைப் பெயர்தான் இருக்கும். ஆனால் பல பதிவுகளில் "இன்னார் மகன்", "இன்னார் கணவர்", இன்ன கிராமம், இன்ன ஜில்லா என்ற குறிப்பு இருக்கிறது. சேலம், வட ஆற்காடு, திருச்சினாப்பள்ளி என்று அந்தக் கால ஜில்லாப் பெயர்களை வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். பெயர் கிடைத்தால் படை எண்ணும் பிரிவும் இறந்த தேதியும் சேர்ந்தே கிடைக்கும். மதராஸ் சாப்பர்ஸ் பிரிவில் இருந்தவர் என்றால் அதன் தலைமையகம் இன்றும் பெங்களூரில் இருக்கிறது. படை எண்ணைக் குறிப்பிட்டு அங்கே கடிதம் எழுதலாம்.

இரண்டாவது, ஐ.என்.ஏ. 1943 ஜூலை 2-ல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்தார். அக்டோபர் 21-ல் கேத்தே கட்டடத்தில் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசை அறிவித்தார். அதுவரை பெரும்பாலும் போர்க்கைதிகளைக் கொண்டிருந்த படையில் தோட்டப்புறத் தமிழ் இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். பெண்கள் டாக்டர் லட்சுமியின் தலைமையில் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தார்கள். எல்லோரும் நாட்டுப்பற்றால் மட்டுமே சேர்ந்தார்கள் என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. பசியால் சேர்ந்தவர்கள் உண்டு. படையில் இருந்தால் சயாமுக்குப் பிடித்துப் போக மாட்டார்கள் என்று சேர்ந்தவர்களும் உண்டு. காரணம் எதுவானாலும் அவர்கள் நம் பிள்ளைகள்.

சேர்ந்தவர் எல்லோரும் பர்மா போகவில்லை. மலாயாவில் சேர்ந்தவர்களைக் கொண்ட மூன்றாவது டிவிஷன் போர் முடியும்வரை இங்கேயே இருந்தது. பர்மா போனவர்களில் பலர் 1945 பிப்ரவரியில் ஐராவதி ஆற்றங்கரையிலும், பிறகு போப்பா மலைப் பகுதியிலும் சண்டை போட்டார்கள். குண்டு பட்டு இறந்தவர்கள் சிலர். மலேரியாவிலும் வயிற்றுக்கடுப்பிலும் பட்டினியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் பலர். மே மாதம் ரங்கூன் பிரிட்டிஷார் கைக்குப் போனபோது, நம் தமிழரான மேஜர் ஜெனரல் லோகநாதன் அங்கு எஞ்சியிருந்த ஆயிரக்கணக்கான வீரர்களோடு சரணடைந்தார்.

ஐ.என்.ஏ.வில் இறந்தவர்களின் பெயர்களைப் பொறித்த கிராஞ்சி போன்ற சுவர் நமக்கு இல்லை. சிங்கப்பூர் கடற்கரையில் 1945 ஜூலையில் நேதாஜி அடிக்கல் நாட்டிய நினைவுச் சின்னத்தைத் திரும்பி வந்த பிரிட்டிஷார் இரண்டே மாதத்தில் இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் 1995-ல்தான் அடையாளக் கல் வைக்கப்பட்டது. பின்வாங்கும்போதும் சரணடையும்போதும் படையின் தாள்கள் பல எரிக்கப்பட்டன.

இருந்தும் எல்லாம் போய்விடவில்லை. புதுடில்லியில் உள்ள இந்திய தேசிய ஆவணக் காப்பகத்தில் ஐ.என்.ஏ. கோப்புகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பிரிவு ஜப்பானிய ஆட்சிக் காலத்தில் வாழ்ந்தவர்களின் நினைவுகளைப் பதிவு செய்து வைத்திருக்கிறது. 1945 நவம்பரில் டில்லி செங்கோட்டையில் ஷா நவாஸ் கான், சைகல், தில்லான் ஆகிய மூன்று அதிகாரிகள் மீது நடந்த வழக்கும் நமக்கு உதவும். அவர்களைத் தண்டிப்பதற்காக அரசுத் தரப்பு தாக்கல் செய்த கட்டளைகளும் நாட்குறிப்புகளும் சாட்சியங்களும், போப்பா மலையில் எந்த நாளில் என்ன நடந்தது என்பதை இன்று நமக்குச் சொல்கின்றன. அங்கே பசி, நோய், படையைவிட்டு ஓடியவர்கள், அவர்களுக்குக் கிடைத்த தண்டனை எல்லாம் இருக்கிறது. உங்கள் பாட்டனாரைப் பற்றி வீரக்கதை மட்டுமே கிடைக்கும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

மூன்றாவது, சயாம் ரயில் பாதை. 415 கிலோமீட்டர். 1943 அக்டோபரில் முடிந்தது. அங்கே போனவர்கள் சிப்பாய்கள் அல்லர், கூலிகள். காஞ்சனாபுரியில் இறந்த நேச நாட்டுக் கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. பல்லாயிரக்கணக்கில் இறந்த நம் தொழிலாளர்களுக்குத் தனித்தனிக் கல் இல்லை. 2023-ல்தான் அவர்கள் எல்லோருக்குமாக அங்கே ஒரு நடுகல் எழுந்தது.

"செத்தவர் செத்துவிட்டார். எண்பது வருஷம் கழித்துத் தேடி என்ன ஆகப்போகிறது?" என்று நீங்கள் கேட்கலாம். நீதிமன்றத்தில் நிற்பவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். மலேசியாவின் 1950-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 108-ஆவது பிரிவு இப்படிச் சொல்கிறது: ஒருவரைப் பற்றிக் கேள்விப்பட வேண்டியவர்கள் ஏழு ஆண்டுகளாக எதுவும் கேள்விப்படவில்லை என்று காட்டினால், அவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். அதாவது, அவர் இறந்துவிட்டார் என்று சட்டம் அனுமானிக்கும். எந்த நாளில் இறந்தார், எங்கே இறந்தார் என்பதைச் சட்டம் அனுமானிக்காது. அதை நாம்தான் சாட்சியத்தால் காட்ட வேண்டும். திதி கொடுக்க நாள் தெரியாமல் அமாவாசைக்கு அமாவாசை இலை போட்ட பாட்டிக்கு இந்த வேறுபாடு சட்டம் படிக்காமலே தெரிந்திருந்தது.

இன்னொன்றும் உண்டு. மலாயாவில் அடையாளக் கார்டு வந்ததே 1948-ல்தான். 1945-ல் இறந்த தோட்டப் பையனுக்கு ஐசி கிடையாது, வங்கிக் கணக்கு கிடையாது, நிலப் பட்டா கிடையாது. தோட்டத்துச் செக்ரோலில் இருந்த அவர் பெயரும் தோட்டம் கைமாறியபோது குப்பைக்குப் போயிருக்கும். இந்த நாட்டில் அவர் வாழ்ந்தார் என்பதற்கே தாள் இல்லை. "உங்கள் குடும்பம் எப்போது இங்கே வந்தது? ஆதாரம் எங்கே?" என்ற கேள்வியை முகப்பில் நின்று கேட்டுத் தலைகுனிந்த குடும்பங்கள் நம்மில் எத்தனை! பழைய பெயர் ஒன்று ஆவணத்தில் கிடைப்பது பெருமைக்காக மட்டும் என்று எண்ணாதீர்கள்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது என்ன?

முதலில் வீட்டைத் தேடுங்கள். பழைய படத்தின் பின்பக்கத்தைப் பாருங்கள். ஸ்டூடியோ முத்திரையோ தேதியோ ஊரோ இருக்கும். இந்திய சுதந்திரச் சங்க ரசீது, உறுப்பினர் அட்டை, சாமி மேடையில் வைத்த கடிதம், எதையும் தூக்கி எறியாதீர்கள். போருக்கு முன் பிறந்த பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் தகப்பன் பெயரும் தொழிலும் இருக்கும். அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்து, வீட்டில் மூத்தவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். "எங்கே இறந்தார்?" என்று கேட்காதீர்கள், "தெரியாது" என்றுதான் பதில் வரும். யார் வந்து கூட்டிப் போனார்கள், மாலை போட்டார்களா, உடுப்பு எப்படி இருந்தது, கூடப் போனது யார், திரும்பி வந்தது யார், அவர் வந்து என்ன சொன்னார் என்று கேளுங்கள். அவர்கள் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதி, நாளைப் போட்டு, கையெழுத்தோ கைரேகையோ வாங்கிக்கொள்ளுங்கள். கைப்பேசியில் குரலையும் பதிவு செய்யுங்கள். அதன் பிறகுதான் காப்பகங்களுக்குக் கடிதம். தேடித் தருகிறேன், நஷ்டஈடு வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவர்களிடம் ஏமாறாதீர்கள்.

எனக்கு என்ன கிடைத்தது என்று கேட்பீர்கள். பாட்டியின் தம்பியோடு போய்த் திரும்பி வந்தவர் ஒருவர், "பெரிய ஆத்துக்கு இந்தப் பக்கம் காய்ச்சல்ல கிடந்தான், தூக்க ஆள் இல்ல" என்று அந்த நாளில் சொன்னதை அத்தை நினைவு வைத்திருந்தார். அவர்கள் இருந்த பிரிவு ஐராவதிக் கரையில் எப்போது இருந்தது என்று செங்கோட்டை வழக்குத் தாள்களோடு ஒப்பிட்டேன். 1945 பிப்ரவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில் என்று வந்து நிற்கிறது. இன்னும் தேதி கிடைக்கவில்லை. பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. ஆனால் "சயாமுக்குப் போனான்" என்று முடிந்த கதை இப்போது ஓர் ஆற்றங்கரைவரை போயிருக்கிறது. அத்தை அன்று வாய் திறந்திருக்காவிட்டால் அதுவும் இல்லை.

அரசாங்கங்களிடம் நாம் கேட்பது அதிகம் இல்லை. அந்தக் காலத்துக் கோப்புகளைத் திறந்து வையுங்கள். குடும்பங்கள் தரும் வாக்குமூலங்களையும் சேர்த்து, மூன்று வழியிலும் போய்த் திரும்பாதவர்களுக்கு ஒரே பெயர்ப் பதிவேடு உருவாக்குங்கள். அவ்வளவுதான். ஆனால் அதற்கு நாம் காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு கோயிலிலும் தமிழ்ப்பள்ளியிலும் ஒரு கணக்குப் புத்தகம் போட்டு, பெயர், தோட்டம், போன ஆண்டு, கூடப் போனவர் என்று எழுத ஆரம்பித்தால் போதும். ஒரு வீட்டில் பாதி தெரியும், அடுத்த வீட்டில் மீதி தெரியும்.

போருக்குப் போனவரைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்று தொண்ணூறைத் தாண்டியவர்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை பாட்டியைப் பார்க்கப் போகும்போது ஒரு நோட்டுப் புத்தகமும் பேனாவும் எடுத்துக்கொண்டு போங்கள்.