நிலுவையில் உள்ள கத்திகள்

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட எங்கள் ஊர்களில் கத்தி வேண்டுமென்றால் கொல்லப்பட்டறையில் சொல்லிவைத்து, அவரவர் கைக்கேற்ப அடித்து வாங்குவார்கள். 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு தமிழகத்தோடு சேர்ந்து, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்ற பிறகும் இரு பக்கமும் இதே பழக்கம்தான். இப்போது பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடிவிட்டன. ஆகவே, பொழுதுபோக்காக உலை வைத்திருக்கும் என்னிடமும் ஆட்கள் வருகிறார்கள். அலுவலக வேலை போக, ஞாயிற்றுக்கிழமை மட்டுமே எனக்கு உலை. இன்றைய தேதியில் 19 கத்திகள் நிலுவை.

யாருடையதை முதலில் முடிப்பது? முதலில் சொன்னவருக்கு முதலில் என்பதே நியாயம் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்த 19-இல் 7 ரப்பர் பால்வெட்டுக் கத்திகள், 3 பனையேறிகளின் பாளை அரிவாள்கள், 5 வீட்டு வெட்டுகத்திகள். மீதி 4 வரவேற்பறைச் சுவரில் மாட்டிவைக்க. பால் வெட்டுகிறவர் வெயில் ஏறுமுன் மரத்தடியில் நிற்க வேண்டும்; நேரம் போனால் பால் குறைந்துவிடும். ஒரு வெட்டுக்குச் சீவும் பட்டை ஒரு மில்லிமீட்டர், மிஞ்சினால் ஒன்றரை. மழுங்கிய கத்தியை அழுத்தினால் காயம் தடிவரை இறங்கி, புதிதாக வளரும் பட்டை முண்டும் முடிச்சுமாகிவிடும். அந்த இடத்தில் பிறகு ஒழுங்காக வெட்ட இயலாது. சுவரில் மாட்டும் கத்தி ஆறு மாதம் தாமதித்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

விடுமுறையில் வரும் நம்மவர்களுக்கு இது மனத்தாங்கலாகிறது. "அண்ணாச்சி, ஞாயித்துக்கிழமை பிளைட்டு. எவ்வளவு ஆனாலும் தாரேன், நம்மளத முதல்ல முடிச்சுத் தாங்க" என்கிறார்கள். ஊர்ப்பாசத்தில்தான் கேட்கிறார்கள். ஆனால் பணம் கூடினால் எஃகு சீக்கிரம் பதப்படாது. பழைய லாரி ஸ்பிரிங் பட்டையில் கார்பன் ஏறத்தாழ 0.6 சதவீதம். காந்தம் ஒட்டாத சூட்டுக்கு, அதாவது 770 டிகிரிக்கும் சற்று மேலே, கொண்டுபோய் எண்ணெயில் முக்கினால் இறுகிவிடும். அப்படியே கொடுத்தால் கண்ணாடிபோல உடையும். பின்னர் 200 டிகிரி அளவில், இருமுறை, ஒவ்வொரு மணி நேரமாவது வாட்ட வேண்டும். அடுக்களை அவனில்தான் வாட்டுகிறேன் (வீட்டுக்காரிக்கு இதில் சம்மதமே இல்லை). இதைக் குறுக்கினால் ஒரு வாரத்தில் கத்தியின் வாய் பெயரும்.

முன்பணம் நான் வாங்குவதில்லை. வாங்கினால் வரிசையை முடிவு செய்கிறவன் நானாக இருக்க மாட்டேன்.

மும்பையிலும் துபாயிலும் இருக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த விடுமுறைக்கு வேண்டியதை இந்த விடுமுறையிலேயே சொல்லுங்கள். உள்ளங்கையைக் காகிதத்தில் வரைந்து வைத்துவிட்டுப் போனால் கைப்பிடி சரியாக அமையும். அதற்கும் முன்னால், உங்கள் பூர்வீக ஊரில் உலை எரிகிற பட்டறை இன்னும் இருக்கிறதா என்று விசாரியுங்கள். இருந்தால் அங்கேயே கொடுங்கள். எனக்கு மாதச் சம்பளம் வருகிறது. அவருக்கு அந்தக் கத்தியில்தான் வீட்டுச் செலவு.

பால்வெட்டுக் கத்திகள் ஏழும் ஓணத்துக்குமுன் போய்விடும். சுவருக்கான நான்கும் கிறிஸ்துமஸுக்குத்தான்.