மாவு பாக்கெட்டும் 26 கிலோ மூட்டையும்

டெல்லியில் இருக்கும் நம்ம தமிழ்க் குடும்பங்களிடம் ரொம்ப நாளாகக் கேட்க நினைத்த கேள்வி இது. வெட் கிரைண்டரை லாரியில் ஏற்றி ரெண்டாயிரம் கிலோமீட்டர் கொண்டுவந்தீங்களே, எதுக்கு? பரணில் வைத்துப் பூட்டவா?

கணக்குப் போடுவோம் மக்களே. எங்க ஏரியாவில் ஒரு கிலோ மாவு பாக்கெட் 90 ரூபாய். அதில் பாதிக்கு மேல் தண்ணீர். 800 கிராம் இட்லி அரிசி, 200 கிராம் முழு உளுந்து ஊறவைத்து அரைத்தால் சுமார் இரண்டரை கிலோ மாவு வரும். அரிசி கிலோ 60, உளுந்து கிலோ 140 என்றால் மொத்தச் செலவு 76 ரூபாய். அதாவது ஒரு கிலோ மாவு 30 ரூபாய் சொச்சம்! வாரம் ரெண்டு கிலோ ஆகும் வீட்டில் வருஷத்துக்கு ஆறாயிரம் மிச்சம்.

"ஒரு கிலோ ரெண்டு கிலோவாக வாங்கினால் இங்கே இட்லி அரிசி யானை விலை சார்" என்பீர்கள். உண்மைதான். அதனால்தான் மூட்டை. 2022 ஜூலை 18 முதல், பாக்கெட்டில் அடைத்து லேபிள் ஒட்டிய அரிசிக்கு 25 கிலோ வரை 5 சதவீதம் ஜிஎஸ்டி. அதைத் தாண்டினால் கிடையாது. 26 கிலோ மூட்டை கடைகளுக்கு வந்த ரகசியம் இதுதான் :-) நாலு குடும்பம் சேர்ந்து ஒரு மூட்டை எடுத்தால் ஆளுக்கு ஆறரை கிலோ. ரெண்டரை மாசத்துக்குக் கவலையில்லை.

உளுந்தை மட்டும் மூட்டையாக வாங்காதீங்க. பழைய உளுந்து பொங்காது, மாவு காணாது, இட்லி கல்லாகும். மாசம் ஒரு கிலோ போதும்.

அடுத்த சாக்கு, "டிசம்பர் குளிரில் மாவு புளிக்காது". ஏன் புளிக்காது? எட்டு மணி நேரத்தில் பொங்குவது பதினாறு மணி நேரம் எடுக்கும், அவ்வளவுதான். பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி வையுங்க.

கடைசி சாக்கு, "டைம் இல்லை". இதை மட்டும் நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் யாருக்கு டைம் இல்லை? ஆபீஸிலிருந்து வந்து ஊறப்போட்டு, அரைத்து, கல்லையும் கழுவுகிற தங்கமணிக்கு. ரங்கமணிகளே, மூட்டையை நாலாவது மாடிக்குத் தூக்குவதோடு நம்ம வீரம் முடிந்துவிடக் கூடாது. எங்க வீட்டில் சனிக்கிழமை கிரைண்டர் என் டிபார்ட்மெண்ட். கல் கழுவுவது உட்பட.

அது முடியாது என்றால் தயவுசெய்து பாக்கெட்டே வாங்குங்க. வீட்டில் ஒருத்தர் மட்டும் இடுப்பொடிய உழைத்து மிச்சமாகும் ஆறாயிரத்துக்குப் பெயர் சிக்கனம் இல்லை. அவருக்குக் கொடுக்காத கூலி.