ஒரே அடியில் சாகாத கப்பல்

டைரியனைப் பற்றி இரண்டு பேரிடம் அபிப்பிராயம் கேட்டால், இரண்டு வேறு ஆட்டங்களைப் பற்றிப் பேசுகிறார்களோ என்று சந்தேகம் வரும். ஒருவர், டாஸ் காலத்தில் கம்ப்யூட்டருக்கு வந்த சுடும் ஆட்டங்களில் இதற்கு நிகர் இல்லை என்பார். இன்னொருவர், இதெல்லாம் ஒரு ஷூட்டரா என்று உதட்டைப் பிதுக்குவார். இருவருமே ஆடிப் பார்த்தவர்கள்தான். முப்பது வருடமாக இந்த வழக்கு ஓய்ந்தபாடில்லை. நான் டைரியன் கட்சி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் எதிர்க்கட்சி சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது, அதையும் மறைப்பதற்கில்லை.

ஆடாதவர்களுக்காகக் கொஞ்சம். 1995-இல் வெளியான விண்வெளி ஆட்டம் இது. கப்பலை உச்சியிலிருந்து பார்க்கிறோம். அது திரையின் அடிப்பக்கம் நிற்க, தரையும் கடலும் விண்கற்களும் மேலிருந்து உருண்டு வந்துகொண்டே இருக்கும். குறுக்கே வருவதைச் சுட வேண்டும், அவர்கள் சுடுவதிலிருந்து தப்ப வேண்டும். எக்லிப்ஸ் என்ற சின்னக் குழுவின் வேலை. நிரல் ஜேசன் எமெரி, படம் டேனியல் குக், இசை அலெக்சாண்டர் பிராண்டன். வெளியிட்டது எபிக் மெகாகேம்ஸ். இன்று ஃபோர்ட்நைட்டை வைத்துக்கொண்டு பிள்ளைகளைத் தூங்கவிடாமல் செய்கிற அதே எபிக்தான். கதை 20,031-ஆம் ஆண்டில் நடக்கிறது: மைக்ரோசோல் என்ற பேராசைக் கம்பெனி, கிராவிட்டியம் என்ற தாது, நண்பனைப் பறிகொடுத்த டிரென்ட் ஹாக்கின்ஸ் என்ற விமானி. கதைக்காக யாரும் ஆடுவதில்லை.

குறை சொல்கிறவர்கள் ஆர்கேட் பள்ளியில், அதாவது நாணயம் போட்டு ஆடும் பெட்டிகளில் படித்தவர்கள். 1978-இன் ஸ்பேஸ் இன்வேடர்ஸ், 1981-இன் கலாகா என்று வரும் பரம்பரை அது. அங்கே சட்டம் ஒன்றுதான்: ஒரு குண்டு பட்டால் ஒரு உயிர் போச்சு. அந்தக் கண்டிப்புக்குள்ளேயே சூதாடவும் இடம் வைத்தார்கள். கலாகாவில் எதிரி நம் கப்பலைக் கவர்ந்துகொண்டு போவான். அதை மீட்டால் இரண்டு கப்பலும் ஜோடியாகப் பறக்கும். குண்டு இரண்டு மடங்கு, கூடவே உடம்பும் இரண்டு மடங்கு, அதாவது அடிபடவும் இரண்டு மடங்கு வாய்ப்பு. அடுத்த வினாடியே ஒன்றை இழந்து பல்லைக் கடித்தவர்கள் ஏராளம். டைரியன் வந்த அதே 1995-இல் ஜப்பானில் கேவ் நிறுவனம் டோன்பாச்சியை இறக்கியது. திரை முழுக்கக் குண்டு மழை. ஆனால் கப்பல் எவ்வளவு பெரிதாகத் தெரிந்தாலும், பட்டால் சாகிற இடம் அதன் நடுவே துளியூண்டு. ஆகவே மழைக்கு நடுவில் நூலிழையில் நுழைந்து வெளியே வரலாம். செத்தால் தப்பு என்னுடையதுதான், ஆட்டத்தைத் திட்ட முடியாது. இந்த நேர்மைதான் அந்தப் பள்ளியின் கர்வம்.

அங்கிருந்து டைரியனுக்கு வருகிறவருக்கு எரிச்சல் வருவது இயல்பு. இங்கே கப்பலுக்கு ஷீல்டு இருக்கிறது, அதன் அடியில் கவசம் இருக்கிறது. நாலு அடி வாங்கினாலும் பறக்கும். எதிரிகளோ சீக்கிரம் செத்துத் தொலையமாட்டார்கள். வெடிப்பின் பளபளப்பில் குண்டு எங்கே வருகிறது என்று கண்ணுக்கே தெரியாது. இந்த மாதிரி ஆட்டங்களுக்கு ஆர்கேட்காரர்கள் ‘யூரோ ஷ்மப்’ (ஐரோப்பிய பாணிச் சுடும் ஆட்டம்) என்று பட்டம் கட்டி ஓரமாக வைத்துவிட்டார்கள். டைரியன் அமெரிக்கச் சரக்கு என்பதெல்லாம் அவர்களுக்குப் பொருட்டில்லை.

அவர்களுடைய புகார்களில் எனக்கு மறுக்கவே முடியாதது திரையைப் பற்றியது. ஆர்கேட் பெட்டிகளில் கலாகா போன்ற ஆட்டங்களுக்கு மானிட்டரைச் சாய்த்து, உயரவாக்கில் நிறுத்தி வைத்திருப்பார்கள். எதிரி மேலே தோன்றிக் கீழே வந்து சேர்வதற்குள் யோசிக்க அவகாசம் கிடைக்கும். வீட்டுக் கம்ப்யூட்டரின் திரை அகலவாக்கில் இருப்பது. டைரியன் ஓடியது 320-க்கு 200 புள்ளிகளில். அந்த 200-லும் அடியில் ஒரு பட்டையை ஸ்கோரும் செய்தியும் எடுத்துக்கொள்ளும். மேலே தலை காட்டியவன் மறு நொடி மூக்குக்கு நேரே நிற்பான். இவ்வளவு குட்டையான மைதானத்தில் ஒரே அடியில் சாவு என்று வைத்திருந்தால் யாரும் முதல் கட்டத்தையே தாண்டியிருக்க மாட்டார்கள். ஷீல்டு வைத்ததற்குச் சோம்பேறித்தனம் காரணமில்லை என்று நான் நினைப்பது இதனால்தான்.

என் அக்கா மகன் டோன்பாச்சி வகையறாவில் ஊறியவன். போன மாதம் ஊருக்கு வந்தபோது என் லேப்டாப்பில் டைரியனைப் போட்டுக் கொடுத்தேன். இரண்டு கட்டம் தாண்டியதும் சலித்துக்கொண்டான்.

“என்ன மாமா இது, குண்டு பட்டுக்கிட்டே போறான், சாகவே மாட்டேங்கிறான்? இதுல என்ன த்ரில் இருக்கு?”

“ஓரத்துல இருக்கிற கோட்டைப் பாருடா. ஷீல்டு எங்க இருக்கு?”

ஷீல்டு காலி. விரல் மட்டும் சுடும் பட்டனை விட்டு எழவே இல்லை.

“கொஞ்சம் விரலை எடு. தானா ஏறும்.”

“விரலை எடுத்தா எப்படி மாமா சுடுறது?”

அவன் கேட்ட கேள்விதான் டைரியனின் உயிர். இந்தக் கப்பலில் ஒரு ஜெனரேட்டர் இருக்கிறது. துப்பாக்கிக்கும் அதுதான் மின்சாரம், கரைந்த ஷீல்டு மறுபடி ஏறுவதற்கும் அதுதான். கரண்ட் போன ராத்திரியில் ஒரே இன்வெர்ட்டரில் ஃபேனும் டி.வி.யும் ஓட்டுகிற வீட்டின் நிலைமை. சுட்டுக்கொண்டே இருந்தால் ஷீல்டுக்கு மிச்சம் இருக்காது. ஷீல்டு ஏறட்டும் என்று விரலை எடுத்தால், அந்த இரண்டு மூன்று வினாடியில் எதிரிகள் திரையை நிரப்பிவிடுவார்கள். முன் துப்பாக்கி, பின் துப்பாக்கி, இரு பக்கமும் ஒட்டிக்கொண்டு வரும் துணைக் கருவிகள் என்று அடுக்கிக்கொள்ளலாம். லேசர் மாதிரிப் பெரிய ஆயுதங்கள் மின்சாரத்தைக் குடித்துத் தீர்க்கும். வலிமையான துப்பாக்கியை மாட்டிக்கொண்டு போகிறவன்தான் பல சமயம் முதலில் சாகிறான். அடி வாங்கிச் சமாளிக்கலாம் என்று சலுகை தருவதுபோலத் தந்துவிட்டு, அதற்கான கணக்கை வேறு இடத்தில் வைத்திருக்கிறார்கள். கலாகாவின் ஜோடிக் கப்பலில் இருக்கிற அதே பேரம்தான், விரலுக்கு விரல், வினாடிக்கு வினாடி நடக்கிறது. இதைக் கவனிக்காமல் டைரியன் சுலபம் என்கிறவரோடு எனக்குச் சண்டை உண்டு.

இன்னொரு விஷயம் ஸ்கோர். ஆர்கேட்டில் ஸ்கோர் என்பது பெட்டியில் மூன்றெழுத்துப் பெயரோடு நிற்கும் மானப் பிரச்சினை. டைரியனின் கதை ஆட்டத்தில் அதே எண்தான் கையில் இருக்கும் காசு. கட்டம் முடிந்ததும் கடை திறக்கும். வாங்குவதற்கு முன்பே அந்தத் துப்பாக்கி எப்படிச் சுடும் என்று ஓடவிட்டுக் காட்டுவார்கள். பிடிக்காவிட்டால் அடுத்த கடையில் முழு விலைக்கே கழித்துக்கொண்டு வேறு மாட்டலாம். இவ்வளவு நாணயமான வியாபாரி நிஜ வாழ்க்கையில் கிடைக்கமாட்டார். ஒரு துப்பாக்கியைப் பதினொரு படிவரை உயர்த்தலாம். வாழைப்பழம் எறிகிற ஆயுதம்கூட உண்டு. ரசிகர்களில் பாதிப் பேர் கடையில் நின்று யோசித்த நேரத்தைத்தான் ஆட்டத்தைவிட அதிகம் சிலாகிக்கிறார்கள். ஆர்கேட்காரர்களுக்கு இது சகிக்காது: ஆட வந்தவன் ஏன் கணக்கு எழுத வேண்டும் என்பார்கள்.

இந்தப் பிணக்கின் வேர், காசு வசூலான விதத்தில் இருக்கிறது என்பது என் எண்ணம். ஆர்கேட் பெட்டி ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு நாணயம் கேட்டது. ஆள் சீக்கிரம் சாக வேண்டும், ஆனால் ஆத்திரத்தோடு அடுத்த நாணயத்தைப் போட வேண்டும். டைரியன் ஷேர்வேர். முதல் அத்தியாயம் இலவசம். பிளாப்பியில் பிரதி எடுத்து யாருக்கும் கொடுக்கலாம். பிடித்தால் மற்ற அத்தியாயங்களைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். இங்கே ஆள் செத்து எழுந்து போய்விட்டால் வியாபாரம் படுத்துவிடும். அதனால் ஷீல்டு கொடுத்தார்கள், கடை கொடுத்தார்கள், அடுத்து என்ன துப்பாக்கி வரும் என்ற நப்பாசையைக் கொடுத்தார்கள். எனக்குக் கிடைத்ததும் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பிளாப்பியில் கைமாறி வந்த முதல் அத்தியாயம்தான். நம் ஊரில் டி.வி.யில் மாட்டும் கேசட்டில் கேலக்ஸியன் ஆடி வளர்ந்தவர்கள் ஆர்கேட் கட்சியிலும், கம்ப்யூட்டர் சென்டரில் திருட்டுத்தனமாக ஆடியவர்கள் டைரியன் கட்சியிலும் இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

கண்டிப்பான ஆட்டம்தான் வேண்டும் என்கிறவர்களுக்கு டைரியனுக்குள்ளேயே தனியாக ஆர்கேட் முறையும் இருக்கிறது. கடை கிடையாது, ஆயுதம் வழியில் பொறுக்குவதுதான். இருவர் சேர்ந்தால் ஒருவர் கப்பலோடு மற்றவர் கப்பல் ஒட்டிக்கொண்டு ஒரே கப்பலாகப் பறக்கும். யாருக்காகச் செய்தார்களோ அவர்கள் அந்த மெனுவைத் திறந்தே பார்ப்பதில்லை.

இசையைப் பற்றி மட்டும் இரு கட்சிக்கும் தகராறு இல்லை. பிராண்டன் பிறகு அன்ரியல், டியூஸ் எக்ஸ் ஆட்டங்களுக்கும் இசையமைத்தவர். டைரியனில் கேட்பது, சவுண்ட் கார்டின் சிப்புக்குக் கட்டளை கொடுத்து அங்கேயே பிறக்க வைத்த ஒலி. பதிவு செய்த வாத்தியம் அல்ல. கடையில் ஓடும் மெட்டை இன்றும் முணுமுணுக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

2004-இல் உரிமையாளர்களே ஆட்டத்தை இலவசமாக்கினார்கள். எமெரி தன் மூல நிரலை ஆர்வலர்களிடம் ஒப்படைத்தார். டர்போ பாஸ்கலில் இருந்ததை அவர்கள் சி மொழிக்கு மாற்றி, 2007-இல் ஓபன்டைரியன் என்ற பெயரில் கொண்டுவந்தார்கள். இன்றைய கம்ப்யூட்டரில் அது தடையில்லாமல் ஓடும். குக் தான் வரைந்த படங்களையும் பொதுவில் வைத்துவிட்டார். புதிதாக ஆட்டம் எழுதிப் பழகுகிறவர்கள் பலரின் முதல் முயற்சியில் டைரியனின் கப்பல்கள் பறப்பது இதனால்தான்.

அக்கா மகன் இன்னும் கட்சி மாறவில்லை. ஆனால் ஊருக்குப் போகும்போது பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு போனான். நீங்களும் ஆடிப் பார்ப்பதானால் இரண்டு சொல். சுலபம் என்ற நிலையில் ஆரம்பிக்காதீர்கள். நார்மலில் ஆடினால்தான் மேலே சொன்ன பேரம் புரியும். முதல் கடையில் கையில் இருக்கும் காசையெல்லாம் துப்பாக்கியில் கொட்டாதீர்கள். ஜெனரேட்டருக்கு மிச்சம் வையுங்கள்.