குடும்பக் கணக்கில் நோய்க்கும் ஒரு வரி

சர்க்கரை நோய்க்கோ இரத்தக் கொதிப்புக்கோ மருந்து உட்கொள்வோரிடம், "மாத்திரையை நாள் தவறாமல் போடுகிறீர்களா?" என்று நாங்கள் கேட்கும்போது சிலர் தலைகுனிந்து கொள்கிறார்கள். "ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுகிறேன். ஒரு மாத மாத்திரை இரண்டு மாதத்துக்கு வரும்" என்று மெல்லிய குரலில் சொல்கிறார்கள். அவர்களைக் கடிந்துகொள்ள எங்களுக்கு மனம் வருவதில்லை. அது சோம்பலால் நேர்ந்த தவறன்று. சிக்கனம் என்று எண்ணிச் செய்தது. பிள்ளைகளின் பள்ளிச் செலவு, வீட்டு வாடகை, கடனுக்கான வட்டி எல்லாம் போக, இன்னும் எதைக் குறைக்கலாம் என்று தேடியபோது, யாருடைய மனமும் நோகாமல் குறைக்க முடிந்தது தம்முடைய மாத்திரை ஒன்றுதான்.

ஆனால், எச்செலவைக் குறைத்தாலும் இதைக் குறைக்கக் கூடாது. கட்டுக்குள் வைக்கப்படாத இரத்தக் கொதிப்பு பக்கவாதத்துக்கும் மாரடைப்புக்கும் வழிவகுக்கும். கட்டுக்குள் வைக்கப்படாத சர்க்கரை நோய் கண்ணையும் சிறுநீரகத்தையும் காலையும் பாதிக்கும். உழைத்துக் கொண்டிருந்த ஒருவர் பக்கவாதத்தால் படுத்துவிட்டால் அவருடைய கூலி நின்றுபோகும். அருகிலிருந்து பார்த்துக்கொள்பவரின் கூலியும் சேர்ந்து நின்றுபோகும். மாதம் சில நூறு ரூபாயை மிச்சப்படுத்தியதன் விலை இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று அந்தக் குடும்பம் கனவிலும் எண்ணியிருக்காது.

பெரும்பாலான வீடுகளில் மாதத் தொடக்கத்தில் எழுத்திலோ மனத்திலோ ஒரு கணக்குப் போடப்படுகிறது. அரிசி, பால், எரிவாயு, வாடகை, பள்ளிக் கட்டணம், சீட்டுப் பணம், கோயில் கொடைக்கான வரி என்று அதில் பல இனங்கள் உண்டு. மருத்துவத்துக்கு மட்டும் இடம் இருப்பதில்லை. "வந்தால் பார்த்துக்கொள்ளலாம்" என்பதே வழக்கமான பதில். நோய் என்றைக்கு வரும் என்பதுதான் நமக்குத் தெரியாது. என்றேனும் ஒரு நாள் வரும் என்பது தெரியும். ஆகவே குடும்பக் கணக்கில் நோய்க்கென்று ஒரு வரி எழுதப்பட வேண்டும். அது கடைசி வரியாக இல்லாமல் முதல் வரிகளுள் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

"அரசு மருத்துவமனை இருக்கிறது, காப்பீட்டு அட்டை இருக்கிறது, பிறகு எதற்குத் தனிச் சேமிப்பு?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் தொடங்கப்பட்ட பின், அரசு மருத்துவமனைகளுக்குத் தேவையான மருந்துகள் மொத்தமாகக் கொள்முதல் செய்யப்பட்டு விலையின்றி வழங்கப்படுகின்றன. 2012 சனவரியில் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், 2018இல் ஒன்றிய அரசின் திட்டத்தோடு இணைக்கப்பட்டபின், ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரையிலான சிகிச்சைக்கு இடமளிக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரை நோய்க்கும் இரத்தக் கொதிப்புக்குமான மருந்தை வீட்டு வாசலுக்கே கொண்டு வருகிறது. இந்திய மக்களின் மொத்த மருத்துவச் செலவில் அவர்கள் நேரடியாகத் தம் கையிலிருந்து கொடுத்த பங்கு, 2013-14இல் நூற்றுக்கு 64ஆக இருந்து, 2021-22இல் நூற்றுக்கு 39ஆகக் குறைந்ததாக தேசிய நலக் கணக்குகள் காட்டுகின்றன. பெரிய முன்னேற்றம்தான். ஆயினும் அந்த 39 பங்கு இன்னும் மக்களின் மடியிலிருந்தே வருகிறது.

அதோடு, மருத்துவச் செலவு என்ற பெயரில் எந்தக் கணக்கிலும் ஏறாத செலவுகளும் உண்டு. ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். சிவகிரியைச் சேர்ந்த கூலித் தொழிலாளி ஒருவர் அறுவைச் சிகிச்சைக்காகத் திருநெல்வேலியில் 5 நாள் தங்குகிறார். துணைக்கு அவர் மனைவி செல்கிறார். சிகிச்சைக்கு ஒரு ரூபாயும் செலவில்லை என்றே வைத்துக்கொள்வோம். இருவருக்கும் நாள் கூலி 400 ரூபாய் என்றால், 5 நாளில் இழப்பது 4,000 ரூபாய். வீடு திரும்பியபின் அவர் 10 நாள் ஓய்வெடுத்தால் மேலும் 4,000 ரூபாய். பேருந்துக் கட்டணம், துணைக்கு இருப்பவரின் சாப்பாடு, மறுபரிசோதனைக்குப் போய் வருவது ஆகியவற்றுக்கு 1,500 ரூபாய். ஆக, 'இலவச' சிகிச்சைக்கு அந்தக் குடும்பம் கொடுத்த விலை 9,500 ரூபாய்.

இந்தப் பணம் கையில் இல்லாதபோதுதான் வட்டிக்காரரின் வாசல் தெரிகிறது. 10,000 ரூபாயை மாதம் நூற்றுக்கு 5 ரூபாய் வட்டிக்கு வாங்கினால், ஆண்டுக்கு 6,000 ரூபாய் வட்டியாகவே போய்விடும். அசல் அப்படியே நிற்கும். கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் நள்ளிரவில் நோயாளியை வண்டியில் ஏற்றும் வேளையில் எவரும் சட்டத்தை நினைப்பதில்லை. யார் உடனே தருவார் என்பதையே நினைக்கிறார்கள். உடல் தேறி வீடு திரும்பியபின் கடனை அடைக்க முதலில் வெட்டப்படுவது எது? மறுபடியும் மாத்திரைதான். இந்தச் சுழற்சியை முறிக்கவே சேமிப்பு வேண்டும் என்கிறோம்.

எங்கள் பகுதியின் வருமானம் மாதச் சம்பளம் போல் சீராக வருவதன்று. பிசான நெல் அறுவடையாகும் மாசி, பங்குனியில் கையில் சற்றுப் பணம் புழங்கும். வேலை குறையும் மாதங்களில் வீட்டிலிருக்கும் அண்டா, குண்டாவும் அடகுக்குப் போகும். அதற்கிடையே சங்கரன்கோவில் ஆடித்தபசும், கோயில் கொடையும், தீபாவளியும் வரும். ஆகவே மாதக் கணக்கு மட்டும் நமக்குப் போதாது. ஆண்டுக் கணக்கும் வேண்டும். பணம் வரும் மாதத்தில், அது வேறு வழிகளில் பிரிந்து போவதற்கு முன்பே நோய்க்கான பங்கை எடுத்து வைத்துவிட வேண்டும். செலவு போக மிஞ்சியதைச் சேமிப்போம் என்று காத்திருந்தால் எதுவும் மிஞ்சாது.

நம் வீடுகளில் இப்படிப்பட்ட சேமிப்பு ஒன்று நெடுங்காலமாகவே உண்டு. அதற்குச் சிறுவாடு என்று பெயர். அஞ்சறைப் பெட்டியிலும் அரிசிப் பானையிலும் பெண்கள் ஒளித்து வைத்த காசு எத்தனையோ குடும்பங்களை ஆபத்தில் காப்பாற்றியிருக்கிறது. அதைப் போற்றுகிறோம். ஆனால் ஒன்றை வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. கணவருக்கும் பிள்ளைகளுக்கும் நோய் வந்தால் உடனே வெளிவரும் அந்தக் காசு, சேர்த்த பெண்ணுக்கு நோய் வந்தால் வெளிவருவதில்லை. "எனக்கு என்ன, தானே சரியாகிவிடும்" என்று மாதக்கணக்கில் தள்ளிப்போட்டு, கட்டி பெரிதானபின், இரத்தம் வெகுவாகக் குறைந்தபின் வருகிறார்கள். ஒளித்து வைத்த சேமிப்பில் எவருக்கும் உரிமை எழுதப்பட்டிருப்பதில்லை. எனவே, சிறுவாடு வீட்டிலுள்ள அனைவரும் அறிந்த கணக்காக மாற வேண்டும். அதில் வீட்டுப் பெண்ணின் மருத்துவத்துக்கும் சம பங்கு உண்டு என்பதைக் குடும்பமே ஏற்க வேண்டும்.

"வருவதே வயிற்றுக்குப் போதவில்லை, எடுத்து வைக்க எங்கே இருக்கிறது?" என்பாரும் உண்டு. அந்தச் சொல்லை நாங்கள் அலட்சியம் செய்யவில்லை. வறுமையைச் சிக்கனத்தால் மட்டும் தீர்த்துவிட முடியாது. கூலி உயர்வதும் வேலை கிடைப்பதும் குடும்பத்தின் கையில் மட்டும் இல்லை. ஆனால் மதுவுக்கும் புகையிலைக்கும் போகும் பணத்தை வறுமையின் கணக்கில் எழுத முடியாது. அது பணத்தையும் எடுத்துக்கொண்டு நோயையும் கொடுத்துவிட்டுப் போகிறது. அந்தச் செலவு இல்லாத வீடுகளில், நாளுக்கு 20 ரூபாய் முடியாவிட்டால் 5 ரூபாயில் தொடங்கலாம். நாளுக்கு 20 ரூபாய் என்றால் மாதம் 600 ரூபாய்; மேலே சொன்ன 9,500 ரூபாய் 16 மாதங்களில் சேர்ந்துவிடும்.

சேர்க்கும் பணத்தை அஞ்சலகச் சேமிப்புக் கணக்கிலோ வங்கிக் கணக்கிலோ வைப்பது நல்லது. 500 ரூபாயில் அஞ்சலகக் கணக்கைத் தொடங்கலாம், வேண்டும்போது எடுக்கலாம். மாதம் 100 ரூபாயிலிருந்து கட்டக்கூடிய 5 ஆண்டுத் தொடர் வைப்பில் வட்டி கூடுதல். ஆனால் நினைத்தவுடன் எடுக்க இயலாது. ஆகவே அவசரப் பணம் முதலில் சேமிப்புக் கணக்கில் சேரட்டும். அதன் பிறகே தொடர் வைப்பு.

பணத்தைப் போலவே தாள்களையும் முன்கூட்டிச் சேர்த்து வைக்க வேண்டும். காப்பீட்டு அட்டை பெறாதவர்கள், குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாதிருந்தால், வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் அட்டை ஆகியவற்றோடு உடல் நலமாக இருக்கும்போதே விண்ணப்பிக்க வேண்டும். நோயாளியைப் படுக்கையில் விட்டுவிட்டு அலுவலகம் அலுவலகமாக அலையும் உறவினர்களைப் பார்க்கும்போதெல்லாம், இதை ஓர் ஓய்வு நாளில் முடித்திருக்கலாமே என்று எங்களுக்குத் தோன்றும்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். மருந்து வாங்கக் கையில் பணம் இல்லை என்றால், மாத்திரையை நீங்களாகக் குறைக்காதீர்கள், எங்களிடம் சொல்லுங்கள். அதே மருந்து மக்கள் மருந்தகத்தில் குறைந்த விலைக்குக் கிடைக்கலாம். அரசு மருத்துவமனையில் விலையின்றிக் கிடைக்கலாம். விலை குறைந்த வேறொரு மருந்தை மருத்துவர் எழுதித் தரலாம். பணம் இல்லை என்று சொல்வதில் வெட்கம் ஏதும் இல்லை. நீங்கள் சொல்லாமல் மறைத்தால், மருந்து போதவில்லை என்று எண்ணி நாங்கள் மாத்திரையின் அளவைக் கூட்டிவிட நேரும். உங்கள் வீட்டுக் கணக்கின் உண்மை நிலையும் உங்கள் மருத்துவர் அறிய வேண்டிய செய்திகளுள் ஒன்றே.