நாகையில் ஏறி காங்கேசன்துறையில் இறங்க



பொங்கல் நெருங்கினால் நம் அலுவலகத்துக்கு வரும் கடிதங்களில் பாதி ஊர் சுற்றுவதைப் பற்றியதாகிவிடும். வழக்கமாக ஏற்காடு, குற்றாலம் என்று கேட்பவர்கள் இந்த முறை கடலையே தாண்டிவிட்டார்கள். "நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி யாழ்ப்பாணம் பார்த்துவிட்டு ஐந்து நாளில் திரும்ப முடியுமா? எதை முதலில் புக் பண்ணுவது?" என்று கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் பார்க்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். மீஞ்சூர் அம்மா ஒருவருக்கு வேறு கேள்வி. மகள் லண்டனில் இருக்கிறாள். அங்கே போகும்போது பாரிஸையும் ஒரு எட்டுப் பார்த்துவிடலாமா, அதற்கு ரயிலா, கப்பலா, காரா? இரண்டுமே கையகலக் கடலைக் கடக்கிற விவகாரம் என்பதால் இரண்டு பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே கடல் மிகக் குறுகும் இடத்தில் அகலம் 33 கிலோமீட்டர். தனுஷ்கோடி முனையிலிருந்து தலைமன்னாருக்கு ஏறத்தாழ 30. நம்முடையதுதான் கொஞ்சம் குறுகல். 1914 வாக்கில் லண்டன்காரரும் நம்மவரும் கடலைக் கடந்த விதமும் ஒன்றேதான்: ரயில், கப்பல், மறுபடி ரயில்.

எழும்பூரிலிருந்து ராமேஸ்வரம் போகும் ரயிலைப் பெரியவர்கள் இன்னும் போட் மெயில் என்றுதான் சொல்கிறார்கள். 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்ததும் ரயில் தனுஷ்கோடித் துறை வரை போனது. இறங்கினால் எதிரே நீராவிக் கப்பல். சுமார் 35 கிலோமீட்டர் கடல் ஓட்டம் முடிந்து தலைமன்னாரில் கால் வைத்தால் அங்கே கொழும்பு ரயில் காத்திருக்கும். எழும்பூரில் வாங்கிய ஒரே டிக்கெட் கொழும்புக் கோட்டை நிலையம் வரை செல்லும். அதற்கு முன் தூத்துக்குடியில் கப்பலேறி ஓர் இரவு முழுக்கக் கடலில் கிடந்து கொழும்பு போய்ச் சேரவேண்டியிருந்தது. ரொம்பச் சொகுசாகவும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். தேயிலைத் தோட்டங்களுக்குப் போன கூலித் தொழிலாளர்களை மண்டபம் முகாமில் நாள்கணக்கில் நிறுத்திவைத்து, மருத்துவச் சோதனை முடித்த பிறகுதான் கப்பலேற்றினார்கள். போட் மெயில் என்றதும் வெள்ளைக்கார துரைகளும் செட்டியார்களும் மட்டும் நினைவுக்கு வந்தால் பாதிப் பயணிகளை விட்டுவிட்டோம் என்று அர்த்தம்.

1964 டிசம்பர் 22 இரவுப் புயல் தனுஷ்கோடியையும் அங்கே வந்துகொண்டிருந்த பாம்பன் பாசஞ்சர் ரயிலையும் வாரிக்கொண்டு போனது. பிறகு ராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்கு 'ராமானுஜம்' கப்பல் ஓடியது. எண்பதுகளின் நடுவில் இலங்கை உள்நாட்டுப் போர் அதையும் நிறுத்தியது. 2011 ஜூனில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே 'ஸ்காட்டியா பிரின்ஸ்' என்ற பெரிய கப்பலை விட்டுப் பார்த்தார்கள். அந்த நவம்பரோடு சரி.

இப்போது இருப்பது நாகப்பட்டினம்–காங்கேசன்துறைப் பாதை. 2023 அக்டோபர் 14 அன்று 'செரியாபாணி' புறப்பட்டது. ஒரே வாரத்தில் வடகிழக்குப் பருவமழை என்று சொல்லி நிறுத்தினார்கள். ஐப்பசி பிறக்கப்போகிற நேரத்தில் அந்தக் கடலில் புதுக் கப்பல் சேவையைத் தொடங்கும் யோசனை யாருக்கு வந்ததோ! 2024 ஆகஸ்ட் 16 முதல் தனியார் நிறுவனம் ஒன்று 'சிவகங்கை' கப்பலை இயக்கியது. அதுவும் அந்த நவம்பரில் நின்று, 2025 பிப்ரவரியில் மீண்டும் ஓடியது. 150 பேர் போகலாம். தூரம் ஏறக்குறைய 110 கிலோமீட்டர், அதாவது பழைய தனுஷ்கோடி வழியைப்போல் மூன்று மடங்கு. நாலு மணி நேரம் ஆகும்.

சிப்காட் நண்பருக்கு என் பதில் இந்த வரலாற்றிலேயே இருக்கிறது. வீட்டு வாசலிலிருந்து திட்டம் போடாதீர்கள். நடுக்கடலிலிருந்து தொடங்கி இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு போங்கள். லீவு எழுதிக்கொடுத்து, ரயில் டிக்கெட் எடுத்து, யாழ்ப்பாணத்தில் ரூம் போட்டுவிட்டு, கடைசியில் கப்பலைத் தேடினால் அந்த வாரம் கப்பலே ஓடாமல் இருக்கலாம். எந்த மாதம் என்பதற்குப் பழவேற்காட்டு மீனவர்களைக் கேட்டாலே போதும். ஐப்பசியிலிருந்து வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் பாக் நீரிணை ஆழம் குறைந்த கடலானாலும், ஆழம் குறைந்ததாலேயே, அலை குட்டையாகவும் நெருக்கமாகவும் எழும். மாசி, பங்குனியில் அடங்கிவிடும். பொங்கலுக்கு ஆசைப்படாமல் மாசி மாதத்தைப் பாருங்கள். எந்தெந்தக் கிழமை கப்பல் உண்டு, கட்டணம் எவ்வளவு, எத்தனை கிலோ சாமான் இலவசம் ஆகிய மூன்றும் பலமுறை மாறியவை. கப்பல் நிறுவனத்தின் முன்பதிவுப் பக்கத்தில் அன்றைய நிலவரத்தைப் பாருங்கள். யூடியூப் வீடியோவில் யாரோ சொன்ன கட்டணத்தை நம்பிக் கிளம்ப வேண்டாம்.

கப்பல் உறுதியானதும் அடுத்த வேலை பாஸ்போர்ட். காலாவதிக்கு ஆறு மாதத்துக்கு மேல் இருக்கவேண்டும். இலங்கைக்கான மின்னணுப் பயண அனுமதியை அந்த நாட்டு அரசின் இணையதளத்தில் நாமே எடுக்கலாம். அதேபோல் தோற்றமளிக்கும் ஏஜென்ட் தளங்கள் மேலே பணம் வாங்கிக்கொள்ளும், கவனம்.

பிறகுதான் நாகை போகும் வழி. கும்மிடிப்பூண்டி லோக்கலும் திருவள்ளூர் லோக்கலும் பெரும்பாலும் சென்ட்ரலில், மூர் மார்க்கெட் பக்கம் கொண்டுபோய் விடும். எதிரே பூங்கா நிலையத்தில் மாறினால் அடுத்தது எழும்பூர். அங்கிருந்து காரைக்கால் போகும் இரவு ரயில் நாகப்பட்டினம் வழியாகப் போகிறது. எழும்பூரில் கட்டுமான வேலை நடப்பதால் சில ரயில்களைத் தாம்பரத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். டிக்கெட்டில் எந்த நிலையம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். காலையில் ரயிலை விட்டு இறங்கி அப்படியே துறைமுகத்துக்கு ஓடலாம் என்று மட்டும் கணக்குப் போடாதீர்கள். கப்பல் காலையிலேயே கிளம்பிவிடும். சுங்கம், குடியேற்றச் சோதனைக்காக இரண்டு மூன்று மணி நேரம் முன்னதாக வரச் சொல்வார்கள். ரயில் ஒரு மணி நேரம் தாமதமானால் கப்பல் உங்களுக்காக நிற்காது. போட் மெயில் காலத்தில் ரயிலும் கப்பலும் ஒன்றையொன்று எதிர்பார்த்து நின்றன. இன்றைக்கு அந்த இணைப்பை நாமே போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. முதல் நாளே போய் நாகூரிலோ வேளாங்கண்ணியிலோ தங்குங்கள்.

காரில் போகிறவர்களுக்கு மீஞ்சூரில் வண்டலூர் வெளிவட்டச் சாலையைப் பிடித்தால் சென்னைக்குள் நுழையாமலே தெற்கே இறங்கிவிடலாம். காரை நாகையில் நிறுத்திவிட்டுத்தான் கப்பலேற வேண்டும். கார் ஏற்றும் கப்பல் இல்லை அது.

காங்கேசன்துறையில் இறங்கினால் யாழ்ப்பாணம் இருபது கிலோமீட்டருக்குள்தான். போரில் 1990-ல் அறுந்த வடக்கு ரயில் பாதையை இந்திய நிறுவனமான இர்கான் மறுபடி போட்டுக்கொடுத்தது. 2014 அக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் ரயில் திரும்பி வந்தது. தண்டவாள அகலம் நம்முடைய அதே ஐந்தடி ஆறங்குலம். கடிகாரத்தையும் திருப்ப வேண்டியதில்லை. மாற்ற வேண்டியது பணம் மட்டும்தான். வழியிலேயே மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில், பக்கத்தில் கீரிமலை. நேரமிருந்தால் குறிகட்டுவானிலிருந்து சின்னப் படகில் நயினாதீவு நாகபூஷணி அம்மனையும் பார்க்கலாம்.

நம் வட்டாரத்துக்காரர்கள் யாழ்ப்பாணக் கோட்டையைத் தவறவிடக்கூடாது என்பது என் கட்சி. டச்சுக்காரர்கள் 1613-ல் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி, சோழமண்டலக் கரை வியாபாரம் முழுவதையும் அங்கிருந்துதான் நடத்தினார்கள். 1658-ல் நாகப்பட்டினத்தையும் யாழ்ப்பாணத்தையும் போர்ச்சுகீசியரிடமிருந்து பிடித்தார்கள். 1690-ல் தலைமையிடத்தைப் பழவேற்காட்டிலிருந்து நாகைக்கு மாற்றிக்கொண்டார்கள். ஆக நீங்கள் போகப்போகும் பாதை அந்த டச்சுக் கம்பெனி போன பாதைதான். பழவேற்காட்டில் கல்லறைத் தோட்டம் மட்டும் உருப்படியாக மிஞ்சியிருக்கிறது. கோட்டை மண்ணும் புதருமாகிவிட்டது. ஐந்து முனைக் கோட்டை எப்படியிருக்கும் என்று பார்க்க யாழ்ப்பாணத்துக்குத்தான் போகவேண்டும்.

திரும்புவதற்கு ஒரு யோசனை. போகும்போது கப்பல், வரும்போது யாழ்ப்பாணத்துப் பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம். 2019 அக்டோபரில் சர்வதேச நிலையமாகத் திறந்த விமான நிலையம் அது. ஒன்றரை மணி நேரத்துக்குள் மீனம்பாக்கம் வந்துவிடலாம். ஐந்து நாள் லீவுக்காரருக்கு இதுதான் பொருந்தும். இரண்டு வழியும் கப்பல்தான் என்றால் கடைசியில் ஒரு நாளைக் காலியாக விடுங்கள். மறுநாள் காலை ஷிப்டுக்கு ஆஜர் என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு வராதீர்கள்.

இனி மீஞ்சூர் அம்மாவுக்கு. உங்கள் பாடு சுலபம், விசா ஒன்றைத் தவிர. பிரிட்டன் விசாவை வைத்துக்கொண்டு பிரான்சுக்குள் நுழைய முடியாது. ஷெங்கன் விசா தனி. அதைக் கிளம்புமுன் சென்னையிலேயே எடுத்துவிடுங்கள். மற்றபடி, 1994 மே மாதம் கடலடிச் சுரங்கம் திறந்தபிறகு அங்கே கடல் ஒரு தடையே இல்லை. சுரங்கத்தின் நீளம் 50 கிலோமீட்டர், அதில் 38 கடலுக்கடியில். லண்டன் செயின்ட் பாங்க்ராஸில் யூரோஸ்டார் ஏறினால் இரண்டேகால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடக்குறைய பாரிஸ். பிரெஞ்சு அதிகாரிகள் லண்டனிலேயே பாஸ்போர்ட் பார்த்துவிடுவார்கள், அதனால் முன்கூட்டியே போகவேண்டும். பயண நாள் நெருங்க நெருங்க டிக்கெட் விலை ஏறும். பேரப்பிள்ளைகள், தள்ளுவண்டி, மூட்டை முடிச்சு என்றால் மகளின் காரையே ஃபோக்ஸ்டோனில் ரயிலுக்குள் ஓட்டி ஏற்றிவிடலாம், 35 நிமிடத்தில் பிரான்ஸ். டோவர்–கலே கப்பலுக்கு ஒன்றரை மணி நேரம். கடல் பார்க்க ஆசையிருந்தால் அது. ஆனால் அந்தப் பக்கம் இறங்கியதும் மாப்பிள்ளை சாலையின் வலப்புறம் ஓட்டவேண்டும், ஞாபகம் இருக்கட்டும். இரண்டே நாள்தான் என்றால் யோசிக்காமல் ரயில். இறங்கும் நிலையமான கார் து நார்த்திலிருந்து நடக்கிற தூரத்தில் லா ஷப்பேல், ஈழத் தமிழர் கடைத்தெரு. இடியப்பமும் சம்பலும் அங்கே கிடைக்கும். பாரிஸ் சாப்பாடு பிடிக்குமோ என்ற கவலை வேண்டாம்.

லா ஷப்பேலைப் பற்றி எழுதிக்கொண்டே வரும்போது கும்மிடிப்பூண்டி இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் வாசகர்கள் நினைவுக்கு வருகிறார்கள். இந்தப் பக்கத்தை அவர்களும் படிப்பார்கள். உறவினர்கள் பாரிஸிலும் லண்டனிலும் வடமராட்சியிலும் மன்னாரிலும் சிதறிக்கிடக்க, முப்பது வருஷத்துக்கு மேலாக இங்கேயே இருப்பவர்கள். நான் மேலே எழுதிய எந்தத் திட்டமும் அவர்களுக்குப் பொருந்தாது. படகில் பாஸ்போர்ட் இல்லாமல் வந்தவர்கள், இங்கேயே பிறந்த பிள்ளைகள். சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தின் பயண ஆவணமும், இங்கிருந்து வெளியேற நம் அரசின் அனுமதியும் வாங்கினால் போகலாம். ஆனால் நாலு நாள் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்ப முகாமுக்கே வந்துசேர எளிதான வழி எதுவும் இல்லை. 110 கிலோமீட்டர் கடலுக்குச் சுற்றுலாக் கப்பல் விட முடிந்த இரண்டு அரசுகளும் இதற்கும் ஒரு சீட்டு அச்சடிக்கலாம், செய்யவில்லை. யாழ்ப்பாணம் போகும் வாசகர்கள் கிளம்புமுன் முகாமில் தெரிந்தவர்கள் இருந்தால் எந்த ஊர், எந்தக் கோயிலடி என்று கேட்டுக்கொண்டு போங்கள். நாலு போட்டோ எடுத்து வந்து கொடுப்பதில் உங்களுக்கு ஒன்றும் குறையாது. மூடிக் கட்டிய பார்சல் மட்டும் யார் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளாதீர்கள்; சுங்கத்தில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

கப்பலில் போய்வந்தவர்கள் இருந்தால் எழுதுங்கள். எத்தனை மணிக்கு வரச் சொன்னார்கள், எத்தனை மணிக்குக் கிளம்பினார்கள், வாந்தி வந்ததா, காங்கேசன்துறையில் ஆட்டோவுக்கு என்ன கேட்டார்கள் என்ற விவரங்கள்தான் வேண்டும், வர்ணனை வேண்டாம். பங்குனி இதழில் தொகுத்துப் போடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்